கேஸ்கட் போனது சரி, ஏன் போனது?

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டில் எங்கேயாவது ஒரு கார் பானட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டபடி நின்றால், சுற்றி நிற்கிற நாலு பேரில் மூணு பேராவது "கேஸ்கட் அடிச்சிருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே அடைப்பாகக் கிடக்கிற தகடுதான் கேஸ்கட். ரேடியேட்டர் மூடியை இன்னும் யாரும் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு வண்டியே கிடையாது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தீர்ப்பு பல நேரம் சரியாகவும் இருந்துவிடும். அது தப்பு என்பதல்ல என் வருத்தம். அதைச் சொன்னதோடு எல்லோரும் விசாரணையை முடித்துக்கொள்கிறார்களே, அதுதான் ரொம்ப நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

உறுத்தலுக்குக் காரணம் எங்கள் அத்தானின் வண்டி. சில வருடங்களுக்கு முன் கேஸ்கட் போய், ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி மாற்றினார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் போனது. "டூப்ளிகேட் கேஸ்கட்டை வச்சுத் தள்ளிட்டான்" என்றார் அத்தான். இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் அவர் கண் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து அசல் கேஸ்கட் போட்டார்கள். அதுவும் நிற்கவில்லை. கடைசியில் வண்டிக்கே ராசியில்லை என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இரண்டு கடையிலும் யாராவது ஒருத்தர், "முதல்ல போட்டது ஏன் நிக்கல?" என்று கேட்டார்களா என்று அத்தானிடம் விசாரித்தேன். அதைக் கேட்க வேண்டியது மெக்கானிக்கா, நாமா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் என் வண்டிக்கே அது வந்தது. பழைய 800 சிசி பெட்ரோல் வண்டி, மூன்று சிலிண்டர், குளச்சல் பக்கம் ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. ஓட்டம் குறை சொல்ல முடியாது. ரிசர்வ் டப்பாவில் மட்டும், இன்ஜினின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. கீழே தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நான் கவலைப்பட ஆரம்பித்தது ஆனி மாதக் காற்றில், திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது. முப்பந்தல் தாண்டி ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் நுழைந்தால் அந்த மாதத்தில் மேற்கேயிருந்து வருகிற காற்று வண்டியை முகத்தில் பிடித்துத் தள்ளும். நான்கு வழிச்சாலையில் 80-ஐத் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஹீட் முள் நடுவை விட்டு மேலே ஏறியது. வேகத்தைக் குறைத்ததும் இறங்கியது. ஆனால் நாகர்கோவிலுக்குள் வடசேரி நெரிசலில் ஊர்ந்தபோது முள் அசையவே இல்லை.

இந்த வித்தியாசத்தை நான் அப்போது ஒரு புதிராக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். அதை முதல் கேள்வியாகக் கேட்டவர் அழகியமண்டபம் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆசான். அவர் பெயர் சொல்லி அழைக்கிற ஆளை நான் பார்த்ததில்லை, எல்லோருக்கும் ஆசான்தான். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி "வெள்ளம் குறையுது ஆசானே, கேஸ்கட்டா?" என்றேன். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். அவர் பானட்டைத் திறக்கவில்லை. "எப்ப சூடாவுது? நிக்கும்பமா, ஓடும்பமா?" என்று கேட்டார். ஓடும்போது என்றதும் "ம்" என்றார், அவ்வளவுதான். ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு நாளைக்குக் காலையில் வண்டி ஆறின பிறகு வரச் சொன்னார்.

நிற்கும்போது சூடாகிற வண்டியில் பெரும்பாலும் ஃபேன் தகராறு. ஃபேன் மோட்டாரோ, ரிலேயோ, சுவிட்சோ. வண்டி ஓட ஆரம்பித்தால் காற்று தானாக அடிக்கும், அப்போது ஃபேனுக்கு வேலை கிடையாது. ஓடும்போது, அதுவும் பாரம் இழுக்கும்போது சூடாகிறது என்றால் உண்டாகிற சூட்டை வெளியே கொண்டுபோகிற வழி எங்கோ குறுகியிருக்கிறது, இல்லையென்றால் சூடு தேவைக்கு மேல் உள்ளே வருகிறது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு கருவியும் வேண்டாம், வண்டி ஓட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பொய்ச் சாட்சிகள்

ஹெட் கேஸ்கட் என்பது சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்குக்கும் அதன் மேல் உட்கார்கிற ஹெட்டுக்கும் நடுவே கிடக்கிற ஒரு தகடு. அது ஒரே நேரத்தில் மூன்றைப் பிரித்து வைக்க வேண்டும்: சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது வருகிற நெருப்பும் அழுத்தமும், சுற்றிலும் ஓடுகிற கூலண்ட், மேலே ஏறி இறங்குகிற ஆயில். எங்கே விட்டுப்போகிறது என்பதைப் பொறுத்து அடையாளமும் மாறும். ஆயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே விட்டால் ஆயில் பால் சாயா நிறத்துக்கு வரும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் சைலன்சரில் வெள்ளைப் புகை, ஒரு இனிப்பு வாடையோடு. நெருப்பு தண்ணீருக்குள் போனால் ரேடியேட்டரில் குமிழ். இரண்டு சிலிண்டருக்கு நடுவே விட்டால் ஒரு சொட்டுக் கூலண்ட்கூடக் குறையாது, ஆனால் வண்டி இழுக்காது.

இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு போலி உண்டு என்பதுதான் தொல்லை. ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாகப் பிசின் பிடித்திருப்பதைப் பார்த்தே ஹெட்டை இறக்கியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டி சரியாகச் சூடாவதற்குள் நின்றுவிடும், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போக நேரம் இருக்காது, அது மூடியில் படிந்து இப்படித்தான் ஆகும். டிப் ஸ்டிக்கில் வருகிற ஆயில் சுத்தமாக இருந்தால் மூடியைத் துடைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மழைக்காலக் காலையில் எந்த வண்டியும் முதல் அஞ்சு நிமிஷம் வெள்ளைப் புகை விடும். கூலண்ட் குறைவதற்கு ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர் செத்திருப்பதே போதும். அந்த மூடி 0.9 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். பிடிக்காவிட்டால் 100-லேயே கொதித்து டப்பா வழியாக வெளியே போய்விடும். வாட்டர் பம்பின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையில் கசிந்து, சூட்டில் அங்கேயே காய்ந்து, தரைக்கு வராமலே போவதும் உண்டு. ஹீட்டர் கசிந்தால் முன் சீட்டுக் கம்பளத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போடுகிறார்கள், அதனாலேயே அதை யாரும் நினைப்பதில்லை.

மறுநாள் காலை ஆசான் இவை எல்லாவற்றையும் பார்த்தார். மூடி நன்றாக இருந்தது. பம்ப் காய்ந்து கிடந்தது. கம்பளத்தில் ஈரமில்லை. ஆயில் சுத்தம். ஆனால் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியில் மேல் ஹோஸை அமுக்கினால் இறுகி இருந்தது, மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று காற்று வந்தது. ஆறின வண்டியில் அந்தக் காற்றுக்கு அங்கே என்ன வேலை? ப்ளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டுகிற கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார்கள். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. அத்தானுக்கு போன் போட்டுச் சொன்னேன், "அப்ப கேஸ்கட் இல்ல, தப்பிச்ச" என்றார். ஆசான் சிரித்தார். "கேஜ் பொய் சொல்லாது சாரே, ஆனா எல்லாத்தையும் சொல்லவும் செய்யாது."

அவர் சொன்னதன் அர்த்தம் இது. கம்ப்ரஷன் பார்க்கும்போது உள்ளே பெட்ரோல் எரிவதில்லை, பிஸ்டன் காற்றை மட்டும் அழுத்துகிறது, 12 பார் வாக்கில். பாரம் இழுக்கும்போது எரிகிற வாயுவின் அழுத்தம் அதைப் போல நாலு மடங்கு வரை போகும். 12 பாரில் மூடிக்கொண்டிருக்கிற ஒரு மெல்லிய விரிசல் 50 பாரில் திறந்துகொள்ளும்.

கையுறை

பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கு ஒரு நீல நிறத் திரவம் வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் வாயிலிருந்து வருகிற காற்றை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஆசானிடம் அது இல்லை. மருந்துக்கடையில் வாங்குகிற ரப்பர் கையுறை ஒரு பெட்டி இருந்தது.

வண்டி குளிர்ந்தே இருந்தது. வாட்டர் பம்பைச் சுற்றுகிற வெளி பெல்ட்டை முதலில் கழற்றிவிட்டார். பம்ப் சுற்றினால் தண்ணீர் கலங்கி அதிலேயே குமிழ் வரும், அப்புறம் எது எதனால் என்று தெரியாது. ரேடியேட்டரைக் கழுத்து மட்டம் வரை நிரப்பி, கையுறையை அதன் வாயில் இழுத்து மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார். விரல்கள் ஐந்தும் பக்கவாட்டில் துவண்டு தொங்கின. பையனை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெல்ட் இல்லாமல் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார். தண்ணீர் சூடாகி விரிவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. சூடான பிறகு எந்த வண்டியிலும் கையுறை உப்பத்தான் செய்யும்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கட்டைவிரல் லேசாக நிமிர்ந்தது. அடுத்து நடுவிரல். அது ஒரே சீராக உப்பவில்லை, இன்ஜினின் துடிப்போடு சேர்ந்து விட்டு விட்டு நிமிர்ந்தது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்ததும் ஐந்து விரலும் விறைத்து நின்றன. பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து வந்து பார்த்தார். ஆசான் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டராக உருவி, மூடி இல்லாமல் சில நொடிகள் ஓட்டிப் பார்த்தார். நடு சிலிண்டரின் கனெக்டரை உருவியபோது மட்டும் ரேடியேட்டர் வாயில் குமிழ் நின்றது.

"கேஸ்கட்டு போனது உள்ளதாக்கும். ரெண்டாம் நம்பர்."

ஹெட்டை இறக்கிய பிறகு

இறக்குவதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. முழுக்க ஆறின வண்டியில், ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக எல்லா போல்ட்டையும் தளர்த்தினார்கள். பழைய கேஸ்கட்டில் இரண்டாவது சிலிண்டரின் வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டை வரை ஒரு கறுப்புத் தடம் தெரிந்தது. ஹெட்டின் முகத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டு, இரும்பு மட்டப்பலகையை மூலைக்கு மூலை வைத்து அடியில் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தார்கள். இந்த மாதிரி சின்ன ஹெட்டில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக்கூடாது. 0.10 தகடு நடுவில் சுகமாகப் போய் வந்தது. அதை என் கையில் கொடுத்து நுழைத்துப் பார்க்கச் சொன்னார் ஆசான். காகிதம் போல மெல்லிய ஒரு எஃகுத் துண்டு எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போவதை விரல் நுனியில் உணர்ந்தபோது அத்தானின் வண்டி நினைவுக்கு வந்தது. அந்த ஹெட்டை யாராவது இப்படி அளந்து பார்த்தார்களா? வளைந்த ஹெட்டுக்கு அடியில் எவ்வளவு அசலான கேஸ்கட்டை வைத்தால்தான் என்ன.

ஹெட் நாகர்கோவிலுக்கு ஃபேஸ் பண்ண, அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்க, போனது. எனக்கு அதோடு கதை முடிந்தது போலத்தான் இருந்தது. நோய் தெரிந்தாயிற்று, சாட்சி கையில் இருக்கிறது, மருந்தும் தெரியும். ஹெட் வந்ததும் மாட்டுவீர்களா என்று கேட்டேன். ஆசான் பேசாமல் பையனிடம் ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுவரச் சொன்னார்.

அதைத் தரையில் நிமிர்த்தி வைத்து, கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு பையன் உட்கார்ந்தான். மேல் வாய் வழியாக ஹோஸ் வைத்துக் கழுத்து வரை நிரப்பினார்கள். "விடு" என்றார் ஆசான். பையன் கையை எடுத்ததும் முதலில் தண்ணீர் பாய்ந்தது, கீழ்த் தொட்டியில் இருந்த தண்ணீர் அது. அப்புறம் மெலிந்து, ஒரு விரல் பருமனுக்கு இறங்கி, கோணலாக வழிந்துகொண்டே இருந்தது. மேலே கழுத்தில் தண்ணீர் மட்டம் இறங்குவதைக் கண்ணால் பின்தொடர முடிந்தது, அவ்வளவு நிதானம். கடையின் மூலையில் காயலாங்கடைக்குப் போகக் கிடந்த அதே மாதிரி வண்டியின் ரேடியேட்டர் ஒன்றை எடுத்து, அதிலும் அதேபோல நிரப்பிவிட்டார்கள். அது மொத்தத் தண்ணீரையும் பையனின் சட்டை நனைய ஒரே கொட்டாகக் கொட்டியது.

பிறகு என்னுடையதைத் தலைகீழாகக் கவிழ்த்து தட்டினார். சட்டியில் விழுந்தது சேறு. செங்கல் நிறத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு நிறம், நடுவில் வெள்ளை வெள்ளையாக உப்புச் சில்லுகள். உப்பு புரிந்தது. கடற்கரைக் கிணற்று வெள்ளத்தை வருஷக்கணக்கில் ஊற்றினால் அலுமினியக் குழாய்க்குள் அப்படித்தான் படியும். மஞ்சள் என்ன?

"மஞ்சப்பொடி" என்றார் ஆசான். "ரேடியேட்டர் ஒழுகினா கொஞ்சம் மஞ்சப்பொடி போட்டா அடையும்னு பழைய டிரைவர்மாரு செய்யுததாக்கும். ஒழுக்கு நிக்கும். கூடவே குழாயும் நிக்கும்." ரேடியேட்டரைத் திருப்பி, பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேர்கிற விளிம்பைக் காட்டினார். அங்கே யாரோ பசை வைத்து அடைத்திருந்த பழைய வடு, அதற்குக் கீழே மஞ்சள் கறை.

"சாரே, கேஸ்கட்டு சும்மா போவுமா? அதைப் போக வச்சது எதுன்னு பாக்காம மாட்டினா, ஆறு மாசத்துல நீங்க என்னைத் தேடி வருவிய, ஏச்சு பேச."

இதில் எது முந்தி எது பிந்தி என்று நான் அவரிடம் வாதாடினேன். கேஸ்கட் விட்டாலே நெருப்பு தண்ணீரைத் தள்ளி வண்டி சூடாகும், அப்படியென்றால் கேஸ்கட்டே காரணமாக இருக்கலாமே என்றேன். இருக்கலாம், ஒன்றை ஒன்று வளர்க்கும் என்றார். ஆனால் அந்தப் பசை வடுதான் வரிசையைச் சொன்னது. ரேடியேட்டர் விளிம்பில் ஒழுக்கு முதலில் வந்திருக்கிறது. அதற்கு மஞ்சள் போட்டிருக்கிறார்கள். குழாய்கள் பாதி அடைந்தன. ஊருக்குள் மெதுவாக ஓட்டியவரை மீதிக் குழாய்களே போதுமானதாக இருந்தன. பாரம் கூடியபோது போதவில்லை. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு தடவை சூடேறும்போதும் நடுவில் இருக்கிற கேஸ்கட் நசுங்கி, ஆறும்போது பிடி தளர்கிறது. ஹெட் வளைகிறது, நடு சிலிண்டரில் பிடி விடுகிறது, அந்த வழியாக வாயு தண்ணீருக்குள் போகிறது, கூலண்டை வெளியே தள்ளுகிறது, இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் குறைய இன்னும் சூடு. எதிர்க்காற்றில் ஏறிய முள்ளும் வடசேரியில் அசையாத முள்ளும் அந்தச் சட்டிச் சேற்றைத்தான் சொல்லியிருக்கின்றன. ஆசான் முதல் கேள்வியிலேயே அதைப் பிடித்துவிட்டார், என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தொட்டியைப் பிரித்து கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்திருக்கலாம். இந்த மெல்லிய அலுமினியக் குழாய்க்கு அது ஆகாது. புதுசுதான். அதன் விலை கேஸ்கட்டின் விலையைப் போலப் பல மடங்கு, கேட்டதும் கொஞ்சம் வயிறு கலங்கத்தான் செய்தது. கேஸ்கட் என்கிற தகடு இந்த மொத்தக் கணக்கிலேயே மலிவான சாமான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாட்டும்போது ஆசான் இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தார். பிளாக் முகத்தைக் கிரைண்டரில் தேய்க்கும் சொரசொரப்பு வட்டு வைத்துத் துடைக்க பையன் போனபோது கத்தினார். அந்தத் தூள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும், கையால்தான் சுரண்ட வேண்டும். போல்ட் ஓட்டைகளில் காற்றடித்து ஒரு சொட்டு ஆயிலோ தண்ணீரோ இல்லாமல் காய வைத்தார். ஓட்டையில் திரவம் தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடமின்றி பிளாக்கையே பிளந்துவிடும், பிளக்காவிட்டாலும் இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் பொய்க் கணக்குக் காட்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக இறுக்கம். டைமிங் பெல்ட்டும் புதுசு, திறந்ததோடு அது. கூலண்டில் கலக்கக் கிணற்று வெள்ளம் வேண்டாம் என்று பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கேன் வாங்கிவரச் சொன்னார். ஹீட்டரைத் திறந்து வைத்து, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் போகிற வரை ஓட்டி, ஃபேன் சரியான சூட்டில் சுற்றி நிற்பதைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

அத்தானின் வண்டிக்கு இப்படி ஒரு ஆசான் கிடைக்கவில்லை என்று மட்டும் நான் சொல்லிவிட மாட்டேன். அந்த இரண்டு கடைக்காரர்களும் வேலை தெரியாதவர்கள் இல்லை. அத்தான் அவர்களிடம் கேட்டது எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்ற இரண்டே கேள்வி. நாம் எல்லோருமே அதைத்தான் கேட்கிறோம். ஒர்க்‌ஷாப்பில் கூலி என்பது கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும்தான். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது. ஒரு காலை முழுக்கச் செலவழித்து "உங்கள் வண்டியில் கேஸ்கட் நன்றாக இருக்கிறது, மூடியை மட்டும் மாற்றுங்கள்" என்று சொல்கிறவனுக்கு மூடி விற்ற லாபம்தான் மிஞ்சும். ஹெட்டை இறக்கிவிட்டால் ஒரு வாரக் கூலி. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மெக்கானிக் அவசரப்படுகிறான் என்று குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பில்லைக் கொடுத்தபோது இதை ஆசானிடமே சொன்னேன். கேஸ்கட் செட், ஃபேஸிங், ரேடியேட்டர், பெல்ட், ஆயில், கூலண்ட், லேபர் எல்லாம் இருந்தது. ஹோஸை அமுக்கியதற்கும், கையுறை கட்டியதற்கும், ரேடியேட்டரைக் கவிழ்த்ததற்கும் ஒரு வரி இல்லை. அதற்கும் சேர்த்துப் போடுங்கள், வருகிற எல்லோரிடமும் போடுங்கள் என்றேன்.

"பாத்ததுக்கு காசு கேட்டா ஆளு அடுத்த கடைக்குப் போவும் சாரே. அங்க பாக்காமலே ஹெட்டை இறக்குவான், அதுக்குச் சந்தோசமா குடுப்பாவ."

அவர் தொழில், அவருக்குத் தெரியும். எனக்கு இன்னும் ஒப்பவில்லை. "பார்வைக் கூலி" என்று ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன். அவர் அதை வாங்கி, விட்டுப்போயிருந்த பேட்டரித் தண்ணீர் கேனின் விலையை எழுதிக் கூட்டிப் போட்டார்.